வெறும் தண்ணீரில் வரைந்த சிவப்பு

முதலில் ஒரு புதிர். பெரிய அண்டா ஒன்றில் சிவப்புச் சாயம் கொதிக்கிறது. அதற்குள் ஒரு பருத்தித் துணியை முழுவதுமாக முக்குகிறார்கள். துணியில் ராமர் பட்டாபிஷேகம் கருப்புக் கோட்டால் வரைந்திருக்கிறது; வேறு நிறம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கோலால் கிண்டிக் கிண்டி வேகவைத்து வெளியே எடுத்துப் பார்த்தால், கிரீடத்தில் உள்ள மணிகள், சீதையின் சேலைக் கரை, மண்டபத் தூண்கள் ஆகியவை மட்டும் அழுத்தமான சிவப்பாகியிருக்கின்றன. மற்ற இடங்களில் லேசான கறைதான். அந்தக் கறையும் சில நாட்களில் போய்விடும். சாயம் துணி முழுக்கத்தானே பட்டது? தூணில் மட்டும் எப்படிப் பிடித்தது? சாயத்துக்கு ராமாயணம் தெரியுமா என்ன?

இந்த வித்தை நடக்கும் ஊர் ஆந்திராவில் உள்ள ஸ்ரீகாளஹஸ்தி. கண்ணப்ப நாயனார் கதை கேட்டிருப்பீர்களே, அதே காளத்தி. கோயிலை ஒட்டி சொர்ணமுகி ஆறு போகிறது. இந்த ஊரில் துணியில் வரையும் ஓவியத்துக்குக் கலம்காரி என்று பெயர். கிருஷ்ணா நதி கடலில் சேரும் பகுதியில் மசூலிப்பட்டினம், பெடனா என்ற ஊர்களிலும் கலம்காரி உண்டு. அங்கே மர அச்சால் பதிப்பார்கள். காளஹஸ்தியில் எல்லாமே கைவரைதான்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த காலத்தில், கோயில் மண்டபத்தில் தொங்கவிட்ட இந்தத் துணிதான் ஊருக்கே புத்தகம். நடுவில் பெரிதாக ஒரு காட்சி. அதைச் சுற்றிப் பட்டை பட்டையாக, கட்டம் கட்டமாகக் கதை ஓடும். கட்டங்களின் மேலே தெலுங்கில் ஒன்றிரண்டு வரி எழுதியிருக்கும். கதை சொல்பவர் ஒவ்வொரு கட்டமாகச் சுட்டிக்காட்டிப் பாடிக்கொண்டே போவார். இப்படி ஒரு துணி தேரில் ஆட வேண்டும், வெயிலில் காய வேண்டும், ஊர் ஊராகச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போகவும் தாங்க வேண்டும். துவைத்தால் நிறம் ஓடிவிட்டால் கதையும் போச்சு. ஆக, ‘அழியாத நிறம்’ என்பது இவர்களுக்கு அழகுக்காக மட்டும் தேவைப்பட்டதல்ல. அவர்களுடைய தொழிலே அதில்தான் நின்றது.

ஆனால் பருத்தி லேசில் நிறத்தை ஏற்றுக்கொள்ளாது. பட்டும் கம்பளியும் விலங்குகளிடமிருந்து கிடைக்கும் புரதம். சாயங்கள் அவற்றில் எளிதாகப் பிடிக்கும். பருத்தியோ செல்லுலோஸ் என்ற பொருள். பெரும்பாலான தாவரச் சாயங்கள் அதன் மேல் வந்து உட்காரும், தண்ணீர் பட்டதும் எழுந்து போய்விடும். இதைச் சமாளிக்கக் காளஹஸ்திக்காரர்கள் செய்யும் முதல் வேலை, துணியை நன்றாகத் துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிட்டு, கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் ஊறவைப்பது.

எருமைப்பால் எதற்கு? ஒரு டிஷ்யூ தாளில் மைத்துளி விட்டுப் பாருங்கள், மை நாலாபுறமும் ஓடும். நூலுக்குள் இருக்கும் நுண்ணிய இடைவெளிகள் திரவத்தை உறிஞ்சி இழுத்துக்கொண்டு போவதால்தான் அப்படி. பாலில் இருக்கும் கொழுப்பும் புரதமும் இழைகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து இந்த ஓட்டத்தைத் தடுக்கின்றன. அதனால் கோடு வரைந்த இடத்திலேயே நிற்கும். பசும்பாலைவிட எருமைப்பாலில் கொழுப்பு நிறைய. அதனால்தான் தேடிப்போய் அதை வாங்குகிறார்கள். புதுக் கலம்காரித் துணியை முகர்ந்தால் ஒரு பால் வாடை அடிக்கும். சிலருக்கு அது பிடிக்காது. துணி அசல்தானா என்று பார்க்க எனக்கு அதைவிட நல்ல அடையாளம் தெரியாது.

கடுக்காயின் வேலை இன்னும் சுவையானது. அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. நெல்லிக்காயைக் கடித்ததும் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, தேயிலை அதிகமானால் டீ துவர்க்கிறதே, அதெல்லாம் டானினின் வேலை. வாழைப்பூ ஆயும்போது அம்மாவின் விரல் கருத்துப்போவதைப் பார்த்திருக்கிறீர்களா? பழைய இரும்பு அரிவாள்மணையில் நறுக்கினால் இன்னும் மோசம், அலகும் கருக்கும். டானினும் இரும்பும் சந்தித்தால் கருப்புப் பிறக்கும். துணியில் கடுக்காய் ஏற்கெனவே இருக்கிறது. இனி வேண்டியது இரும்பு.

அந்த இரும்பைத் தயார் செய்வதுதான் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. துருப்பிடித்த ஆணி, பழைய லாடம், இரும்புத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பானையில் போட்டு, வெல்லமும் பனைவெல்லமும் கரைத்த தண்ணீரை ஊற்றி இரண்டு மூன்று வாரம் வைத்துவிடுவார்கள். யாரும் கிளறிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள் உள்ளே இறங்கிவிடுவார்கள். முதலில் ஈஸ்ட் வெல்லத்தைத் தின்று சாராயமாக்கும். பிறகு சில பாக்டீரியாக்கள் அதை அசிட்டிக் அமிலமாக, அதாவது வினிகரின் புளிப்பாக மாற்றும். அமிலம் இரும்பை மெல்ல மெல்லக் கரைக்கும். மேலே நுரை கட்டும், வாடை வரும். கடைசியில் வடிகட்டி எடுத்தால் கிடைக்கும் நீர் அப்படியொன்றும் கருப்பாக இருக்காது. வெளிர் பழுப்பாக, ஆறிப்போன டிகாக்ஷன் கணக்காக இருக்கும். இதுதான் இரும்பு அசிட்டேட் கரைசல்.

படத்தை முதலில் புளியங்குச்சியைச் சுட்ட கரியால் மேலோட்டமாக வரைந்துகொள்வார்கள். பிறகு கலம் வரும். மூங்கில் குச்சியின் நுனியைக் கூராகச் சீவி, நுனிக்குச் சற்று மேலே கம்பளி அல்லது துணியை உருண்டையாகச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்த உருண்டைதான் மைக்கூடு. கலத்தை இரும்பு நீரில் தோய்த்து, வரையும்போது விரலால் உருண்டையை மெல்ல அழுத்த, நீர் கசிந்து நுனிக்கு இறங்கும். கடுக்காய்த் துணியில் பட்டதும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ள, பழுப்புக் கோடு கருகருவென்று மாறும். ஓவியர் கருப்பைத் தீட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பாதிக் கருப்பு துணியில் இருந்தது, பாதிக் கருப்பு கலத்தில் இருந்தது. இரண்டும் சேர்ந்த இடத்தில் கோடு. தவறாக ஒரு சொட்டு விழுந்தாலும் அதை அழிக்க முடியாது. ஓவியரின் கை நடுங்கக் கூடாது.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கடிதம் எழுதிய மையும் இதே ரசாயனம்தான். அவர்கள் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் குளவி துளைத்த இடத்தில் திரளும் ஒரு காயைப் பயன்படுத்தினார்கள். அந்தக் காயை நம் பாட்டிமாருக்கும் தெரியும். குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காய்தான் அது.

இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம், பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பழைய இரும்பு ஆணிகள் சிலவற்றைப் போட்டு, மூழ்கும் அளவுக்கு வினிகர் ஊற்றி நான்கைந்து நாள் வையுங்கள். மூடியை இறுக்கி மூடாதீர்கள். அமிலம் இரும்பைக் கரைக்கும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அது போக வழி வேண்டும். அடுப்புப் பக்கமும் வைக்காதீர்கள். நாட்டு மருந்துக்கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கி வெந்நீரில் கரைத்து, வெள்ளைத் துணித் துண்டை அதில் ஊறவைத்துக் காயவையுங்கள். இப்போது குச்சியை ஆணி நீரில் தோய்த்து உங்கள் பெயரை எழுதுங்கள். அதே போல் கடுக்காய் படாத துணியிலும் எழுதிப் பாருங்கள். பிறகு இரண்டையும் துவைத்து, எது நிற்கிறது என்று ஒப்பிடுங்கள். பாலில் நனைத்த துணி, நனைக்காத துணி என்று இன்னொரு ஜோடி வைத்தால் கோடு எங்கே ஓடுகிறது என்பதும் தெரிந்துவிடும். பள்ளிச் சீருடைக்கு அருகில் மட்டும் இந்த வேலை வேண்டாம்.

இனி சிவப்புக்கு வருவோம். கருப்புக் கோடு காய்ந்த பிறகு, எங்கெல்லாம் சிவப்பு வேண்டுமோ அங்கெல்லாம் ஓவியர் இன்னொரு கலத்தால் படிகார நீரைப் பூசுகிறார். சவரக் கடையில் கன்னத்தில் தேய்க்கிறார்களே, அதே படிகாரம். அந்த நீருக்கு நிறமே கிடையாது. பூசிய இடம் எது, பூசாத இடம் எது என்று கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். பழைய நாளில் சோழமண்டலக் கரையில் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். படிகார நீரில் கொஞ்சம் பதிமுகக் கட்டையின் சாயத்தைக் கலந்துகொள்வார்கள். வரையும்போது இடம் தெரியும். துவைக்கும்போது அந்தச் சாயம் போய்விடும்.

படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. அலுமினிய அயனி ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொள்ளும், மறு கையை நீட்டிக் காத்திருக்கும். சாய அண்டாவுக்குள் துணி இறங்கும்போது அந்த நீட்டிய கையில் சாய மூலக்கூறு மாட்டிக்கொள்ளும். மூன்றும் சேர்ந்து இறுகிவிட்டால் தண்ணீரால் அதைப் பிரிக்க முடியாது. படிகாரம் இல்லாத இடத்தில் பிடித்துக்கொள்ள யாருமில்லை, சாயம் வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். சாயத்துக்கும் துணிக்கும் நடுவே நின்று இணைத்து வைக்கும் இப்படிப்பட்ட பொருளை நிறமூன்றி என்கிறோம். புதிருக்கு விடை இதுதான். ஓவியர் தீட்டியது சிவப்பை அல்ல, சிவப்பு வந்து உட்கார வேண்டிய இடத்தை. படம் முடிந்த பிறகுதான் அவருக்கே அது தெரியும். அதுவரை எல்லாம் அவர் மனக்கணக்கில் இருக்கும்.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, எகிப்தியர்கள் வெறும் துணி போலத் தெரிவதை ஒரே நிறம் கொதிக்கும் கொப்பரையில் முக்கிப் பல நிறமாக எடுக்கிறார்கள் என்று வியந்து எழுதியிருக்கிறார். அங்கும் இதே சூத்திரம்தான் நடந்திருக்க வேண்டும். ஏனென்றால் ஒரே சாயம் வேறு வேறு நிறமூன்றியோடு வேறு வேறு நிறம் தரும். படிகாரத்தோடு சேர்ந்தால் சிவப்பாகும் அதே சாயம் இரும்போடு சேர்ந்தால் ஊதாவாகும். இரண்டையும் கலந்து பூசினால் அரக்கு, பழுப்பு என்று நடுவில் பல நிறங்கள் கிடைக்கும். நம் நாட்டில் இந்த அறிவு எவ்வளவு பழையது என்பதற்கு மொகஞ்சதாரோ சாட்சி. அங்கே ஒரு வெள்ளிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு தப்பிப் பிழைத்த பருத்தித் துணுக்கில், மஞ்சிட்டி வகைச் செடியின் வேர்ச் சிவப்பு இருந்தது.

தென்னிந்தியக் கரையில் சிவப்புக்குப் பெயர் போனது சாயவேர். இம்பூரல் என்றும் சொல்வார்கள். மணல் பாங்கான கடற்கரைகளில் தரையோடு வளரும் சின்னஞ்சிறு செடி. மெல்லிய நீண்ட வேரின் பட்டையில்தான் நிறம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இதைத் தோண்டியெடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். டச்சுக்காரர்கள் அந்த வேர் வணிகத்தைத் தங்கள் கைக்குள் வைத்திருந்தார்கள். கடற்கரை மண்ணில் சிப்பி, சங்குகளின் சுண்ணாம்பு கலந்திருக்கும். சுண்ணாம்பிலுள்ள கால்சியமும் அலுமினியத்தோடு சேர்ந்தால்தான் சிவப்பு முழு அழுத்தம் பெறும் என்று இன்றைய வேதியியல் சொல்கிறது. எந்த ஊர்த் தண்ணீரில் துவைத்தால் சிவப்பு நன்றாக எழும்பும் என்று சாயக்காரர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் பெரிய காரணம் இருந்திருக்கிறது.

வேரில் உள்ள அந்தச் சிவப்பு மூலக்கூறின் பெயர் அலிசரின். 1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு வேதியியலாளர்கள் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு அதை ஆய்வகத்திலேயே செய்துவிட்டார்கள். தாவரச் சாயம் ஒன்றை மனிதன் செயற்கையாகச் செய்தது அதுதான் முதல் முறை. அதன் பிறகு வேர் தோண்டும் தொழில் படுத்துவிட்டது. காளஹஸ்தியிலும் இன்று பலர் வேருக்குப் பதில் கடையில் வாங்கிய அலிசரினைப் போடுகிறார்கள். இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, மூலக்கூறு அதேதான். ஆனால் வேரில் அலிசரின் தனியாக இருக்காது, அதன் உறவுக்காரச் சாயங்களும் கூடவே இருக்கும். அந்தக் கூட்டத்தால் வரும் நிற ஆழம் தூய பொடியில் வருவதில்லை.

சாயம் போடுவதற்கு முன் துணியை ஓடும் ஆற்றில் அலச வேண்டும். தேங்கிய தண்ணீர் உதவாது. துணியில் ஒட்டாமல் மிச்சமிருக்கும் படிகாரம் கரைந்து வெளியே வரும்போது, ஓடும் நீர் அதை உடனே அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டித் தண்ணீரில் அலசினால், வெளியே வந்த படிகாரம் சீதையின் முகத்தில் போய் உட்காரும். அப்புறம் அண்டாவிலிருந்து எழும்போது முகமும் சிவந்திருக்கும். சொர்ணமுகி வருடம் முழுக்க ஓடும் ஆறு அல்ல. ஆறு வற்றினால் ஓவியரின் வேலையும் தடுமாறும்.

சாயம் வேகவைத்த பிறகு மிஞ்சும் கறையைப் போக்க ஆட்டுச் சாணமோ மாட்டுச் சாணமோ கரைத்த நீரில் துணியை ஊறவைத்து, ஆற்று மணலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். சாணத்தில் உள்ள உப்புகள் ஒட்டாத சாயத்தைத் தளர்த்தும். ஈரமும் வெயிலும் ஆக்சிஜனும் சேர்ந்து அதைச் சிதைக்கும். அலுமினியத்தின் பிடியில் இருக்கும் சிவப்பு அசையாது. பின்புலம் வெளுத்துக்கொண்டே வரும். சாணத்தில் வெளுப்பதா என்று முகம் சுளிக்காதீர்கள்; பின்னாளில் ஐரோப்பாவின் பெரிய துணி அச்சுப் பட்டறைகளும் சாணத் தொட்டி வைத்திருந்தன.

மஞ்சளுக்கு மறுபடி பால் குளியல், பிறகு கடுக்காய்ப்பூ, மாதுளைத் தோல் போன்றவற்றின் சாயம், கூடவே படிகாரம். நீலத்துக்கு அவுரி. அவுரிக்கு நிறமூன்றி தேவையில்லை, அதன் குணமே வேறு. அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும். நீலத்தின் மேல் மஞ்சள் பூசினால் பச்சை. அனுமனுக்கும் இலைகளுக்கும் அது போதும்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் இந்தத் துணிகளுக்குப் பெரிய பைத்தியமே பிடித்திருந்தது. அங்கே அச்சிட்ட பூத்துணிகள் துவைத்தால் வெளுத்தன. இங்கிருந்து போன துணிகளோ துவைக்கத் துவைக்கப் பளிச்சென்று ஆயின. உள்ளூர் நெசவாளர்கள் பிழைப்புப் போகிறதென்று கூச்சல் போட, பிரான்ஸ் 1686இல் இந்தத் துணிகளுக்குத் தடை போட்டது. 1759 வரை அந்தத் தடை நீடித்தது. இங்கிலாந்தும் 1721இல் சட்டம் கொண்டுவந்தது. தடை போட்டால் மட்டும் போதுமா, ரகசியம் தெரிய வேண்டாமா? 1734 வாக்கில் பொலியு என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி, புதுச்சேரியில் ஓவியர்கள் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் துணியில் ஒரு துண்டு வெட்டி, குறிப்போடு சேர்த்து ஒட்டிக்கொண்டு போனார். அந்தத் துண்டுகள் பாரீஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1742இல் கேர்து என்ற பாதிரியார் சாயக்காரர்களிடமே கேட்டுக் கேட்டு, கடுக்காய், எருமைப்பால் முதற்கொண்டு எல்லாவற்றையும் கடிதமாக எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். ஐரோப்பாவின் சாய வேதியியல் இந்தக் குறிப்புகளிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டது. பிறகு இயந்திரத் துணி வந்தது, நம் ஊர் ஓவியர்களின் அடுப்பு ஒவ்வொன்றாக அணைந்தது.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் காளஹஸ்தியில் இந்த வேலை தெரிந்தவர்கள் மிகச் சிலரே இருந்தார்கள். கைவினைக் கலைகளைக் காக்க நாடு முழுவதும் அலைந்த கமலாதேவி சட்டோபாத்யாய முயற்சியால் 1950களில் அங்கே ஒரு பயிற்சி மையம் தொடங்கினார்கள். அந்தத் தலைமுறைக் கலைஞர்களில் ஜொன்னலகட்டா குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ பெற்றார். தமிழ்நாட்டிலும் இதன் கிளை உண்டு. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கருப்பூரிலும் கோயில்களுக்கான தொம்பை, குடை, விதானத் துணிகளை வரைகிறார்கள். தேரில் உருளையாகத் தொங்கி ஆடும் அந்தத் தொம்பைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள், என்ன வரைந்திருக்கிறது என்று நின்று பார்த்திருக்க மாட்டீர்கள்.

அருங்காட்சியகத்தில் முந்நூறு வருடப் பழைய கலம்காரியைப் பார்க்க நேர்ந்தால் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, இலைகள் நீலமாக இருக்கும். ஓவியர் தவறிழைக்கவில்லை. நீலத்தின் மேல் பூசிய மஞ்சள் வெளிச்சத்தைத் தாங்காமல் முதலில் வெளுத்துவிட்டது, அவுரி மட்டும் மிஞ்சியது. இன்னொன்று, கருப்புக் கோடு போன வழியில் அங்கங்கே துணியே இற்று விழுந்திருக்கும். கோட்டுக்கு உயிர் கொடுத்த இரும்பு, பருத்தியை மெதுவாக அரித்துக்கொண்டும் இருந்திருக்கிறது. அதன் பக்கத்தில் இருக்கும் படிகாரச் சிவப்பில் பெரும்பாலும் அந்தச் சேதம் இருக்காது. அந்தக் கூடத்தில் விளக்கு ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று யாராவது முணுமுணுத்தால், நீல இலைகளைக் காட்டி அவர்களுக்கு நீங்கள் காரணம் சொல்லலாம்.